புரியாத நோட்டீஸ்

சர்க்கார் ஜனங்களுக்கு எழுதும் காகிதம் ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்பதை மறுத்துப் பேசுவார் எவருமிலர். ஆயினும், ஒருவரும் மறுக்காமலே நாள்தோறும் மீறப்பட்டு வரும் தர்மங்களில் இதுவும் ஒன்று. தபாலில் வந்த பழுப்பு உறையைக் கையில் பிடித்துக்கொண்டு, “இதில் என்ன எழுதியிருக்கிறதென்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்” என்று படித்தவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும் குடியானவரைத் தமிழ்நாட்டில் இன்றும் எக்கிராமத்திலும் காணலாம். அவர் எழுத்தறியாதவரானால் நாம் அதிசயப்படுவதற்கில்லை. தினந்தோறும் பத்திரிகை படிப்பவர், வரவு செலவுக் கணக்கைத் தாமே எழுதி வைப்பவர், பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பியவர் ஆகியோரும் அவ்விதமே வந்து நிற்கிறார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 80 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஜனங்களுக்கு எழுத்துத் தெரிகிறது, காகிதம் புரியவில்லை. குற்றம் வாசிப்பவரிடத்திலா, எழுதியவரிடத்திலா?

அன்னியர் ஆட்சியிலே இக்கேள்விக்கு இடமில்லாதிருந்தது. ஆளுவோரின் பாஷை வேறு. ஆளப்படுவோரின் பாஷை வேறு. உத்தரவு ஆங்கிலத்தில் பிறந்து, குமாஸ்தாவின் பேனா வழியாக இறங்கி, கிராமத்தை வந்து சேரும்போது அதன் கட்டளை மட்டும் மிஞ்சியிருக்கும். காரணம் வழியிலேயே தொலைந்திருக்கும். சுயராஜ்யம் வந்தால் இந்நிலை மாறுமென்று தேசபக்தர்கள் மேடைதோறும் சொன்னார்கள். 1947-ல் சுதந்திரம் வந்தது. 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் தமிழ் இந்த ராஜ்யத்தின் ஆட்சிமொழியாயிற்று. ஆட்சிச் சொல் அகராதிகள் வெளிவந்தன. கோப்புகள் தமிழில் எழுதப்பட்டன. அலுவலகப் பலகைகள் மாறின. இவையெல்லாம் பெரிய காரியங்களே. இவற்றுக்காக உழைத்தவர்களுக்குத் தமிழுலகம் நன்றி செலுத்தக் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தை நீக்கியதோடு வேலை முடிந்துவிட்டதென்று எண்ணினோமே, அங்கேதான் காரியம் நின்றுபோயிற்று. பாஷை மாறிற்று, தோரணை மாறவில்லை.

சர்க்கார் காகிதமொன்றை எடுத்துப் பார்ப்போம். தலைப்பில் “ந.க.எண்” என்று ஓர் இலக்கக் கூட்டம். அடுத்து “பொருள்” என்று ஒரு பத்தி. அதன் கீழ் “பார்வை” என்று நான்கைந்து கடிதங்களின் எண்ணும் தேதியும்; அக்கடிதங்களில் ஒன்றையேனும் காகிதத்தைப் பெறுபவர் கண்டதில்லை. அதற்குப் பின் ஆரம்பிக்கும் வாக்கியம் பக்கத்தின் அடியில் போய்த்தான் முடியும். அதன் மாதிரி ஏறக்குறைய இப்படியிருக்கும்:

“மேற்படி புல எண்ணில் அடங்கிய நிலம் தொடர்பாகப் பார்வை 3-ல் காணும் அறிவிக்கைக்கிணங்க, அதன்பால் அக்கறையுள்ள நபர்கள் ஆட்சேபணை ஏதேனும் இருப்பின் அதனை உரிய கால வரையறைக்குள் தகுதிவாய்ந்த அதிகாரி முன்னர் எழுத்து மூலம் அளிக்கத் தவறும் நேர்வில், ஆட்சேபணை ஏதுமில்லை எனக் கருதப்பட்டு மேல்நடவடிக்கை தொடரப்படும் என இதன்மூலம் அறிவிக்கப்படலாகிறது.”

இதிலுள்ள சொற்களில் அநேகமாக எல்லாம் தமிழ்ச் சொற்களே. இலக்கணப் பிழையும் இல்லை. ஆயினும் இது தமிழன்று. தமிழ் எழுத்தில் எழுதிய ஆங்கிலம். “அக்கறையுள்ள நபர்” யார்? நிலத்திலே பாத்தியதையுள்ளவர் என்பது கருத்து. குடியானவரோ, தம் நிலத்தின்மீது தமக்கு அக்கறை இருக்கிறதா இல்லையா என்று ஏன் கேட்கிறார்கள் என்று திகைக்கிறார். “தகுதிவாய்ந்த அதிகாரி” யார்? மற்ற அதிகாரிகளெல்லாம் தகுதியற்றவர்களா? “உரிய கால வரையறை” எத்தனை நாள்? எந்தத் தேதியோடு முடிகிறது? எந்த ஊரில், எந்த ஆபீஸில் கொடுக்க வேண்டும்? இவற்றில் ஒன்றுக்கும் பதில் கிடையாது.

இதையே, “ரஸ்தா போடுவதற்காக உங்கள் நிலத்தில் 40 சென்டு எடுத்துக்கொள்ள உத்தேசித்திருக்கிறோம். இதை ஆட்சேபிக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆட்சேபணையை எழுதி, ஜூன் 10-ந் தேதிக்குள் தாலுகா ஆபீஸில் இந்த அதிகாரியிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால், ஆட்சேபணை இல்லையென்று வைத்துக்கொண்டு மேலே நடப்போம்” என்று எழுதினால் சட்டத்துக்கு என்ன பங்கம் வந்துவிடும்? ஒன்றும் வராது. ஜனங்கள் தங்கள் உரிமையை அறிந்துகொள்வார்கள் என்பதொன்றே வித்தியாசம்.

இதை நடையழகைப் பற்றிய விவகாரமென்று எவரேனும் எண்ணினால், அவர்கள் சட்டப் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். 1956-ஆம் வருஷத்துத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி, நிலம் எடுக்கும் உத்தேசத்தை விளம்பரப்படுத்திய நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபணை எழுத்து மூலம் வந்து சேர வேண்டும். பின்னர்ப் பிரகடனம் வெளியானவுடனே அந்நிலம் மத்திய சர்க்காருக்கு முற்றிலும் உரிமையாகிவிடுகிறது. 2013-ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டம் இதைவிட தாராளமானது. அதன்படி நடக்குமிடங்களில் 60 நாள் அவகாசமுண்டு. இரண்டு சட்டங்களும் உள்ளூர் பாஷைப் பத்திரிகையில் அறிவிப்பை வெளியிட வேண்டுமென்று விதிக்கின்றன. விதிப்படி வெளியிடுகிறார்கள். பொடி எழுத்தில், சர்வே எண்களின் நீண்ட அட்டவணையாக, முன்னே காட்டிய நடையில் அது வெளியாகிறது. 21 நாளில் பத்து நாள் அது என்னவென்று தெரியாமலே கழிகிறது. ஐந்து நாள் தெரிந்தவரைத் தேடுவதில் கழிகிறது. மிச்சமிருக்கும் நாட்களில் வக்கீலைப் பிடிக்க வேண்டும். மூன்று தலைமுறையாக உழுத நிலம் ஒரு வாக்கியம் விளங்காததால் போய்விடுமென்றால், அவ்வாக்கியத்தை எழுதிய கைக்கு அதில் பொறுப்பில்லையா?

இவ்விஷயத்தில் நமது நியாயஸ்தலங்கள் ஒரு சிறந்த கொள்கையை ஏற்கனவே நிலைநாட்டியிருக்கின்றன. விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டவருக்கு அதன் காரணங்களைத் தெரிவிக்க வேண்டுமென்பது அரசியல் சட்டத்தின் 22-வது ஷரத்து. மகாராஷ்டிரத்தில் ஹரிகிஷன் என்பவருக்கு அக்காரணங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்கள். தமக்கு ஆங்கிலம் தெரியாது, ஹிந்தியில் வேண்டுமென்று அவர் கேட்டார். ஆங்கிலமே சர்க்கார் பாஷை, வாயால் மொழிபெயர்த்துச் சொல்லியாயிற்று என்று அதிகாரிகள் பதிலளித்தார்கள். 1962-ல் சுப்ரீம் கோர்ட் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்குப் புரியும் பாஷையில் கொடுக்காதது, கொடுக்காததற்கே சமம் என்று தீர்த்து அவரை விடுதலை செய்தது. 1981-ல் லல்லுபாய் ஜோகிபாய் படேல் வழக்கிலும் அதே கோர்ட், தெரிவிப்பதென்றால் சம்பந்தப்பட்டவர் மனத்தில் விஷயம் பூரணமாகப் பதியும்படி செய்வதென்றே அர்த்தம் என்று வற்புறுத்திற்று.

இக்கொள்கையைச் சிறைவாசலோடு நிறுத்திவிடுவானேன் என்றே நாம் கேட்கிறோம். உடலின் சுதந்திரம் பறிபோகும்போது புரியும்படி சொல்ல வேண்டுமென்பது நியாயமானால், நிலம் பறிபோகும்போது, பென்ஷன் நிறுத்தப்படும்போது, ரேஷன் கார்டு ரத்தாகும்போது, வீட்டை இடிக்க நாள் குறிக்கும்போது அந்நியாயம் எங்கே போய் ஒளிகிறது? ஏழைக்கு ஜீவனமும் சுதந்திரமும் வேறு வேறல்ல. புரியாத நோட்டீஸ் சேராத நோட்டீஸாகும். இதுவே நாம் இன்று சொல்ல வந்தது.

மொழிபெயர்த்துவிட்டால் போதாதா என்பார் உண்டு. மொழிபெயர்ப்பும் எளிதில் கிடைப்பதில்லை. 2020-ல் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு விதிகளின் நகலை மத்திய சர்க்கார் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டும் வெளியிட்டு, தேசமெங்கும் உள்ள ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டது. ஆலையும் சுரங்கமும் துறைமுகமும் எவருடைய ஊரில் வரப் போகின்றனவோ அவர்களில் பெரும்பாலோருக்கு அவ்விரு பாஷைகளும் தெரியா. டில்லி ஹைக்கோர்ட் 2020 ஜூன் 30-ந் தேதி தலையிட்டு, எட்டாவது அட்டவணையிலுள்ள 22 பாஷைகளிலும் பத்து நாட்களுக்குள் மொழிபெயர்த்து வெளியிடும்படி உத்தரவிட்டது. அபிப்பிராயம் சொல்லும் கெடுவையும் ஆகஸ்டு 11 வரை நீட்டிற்று. இரண்டு பாஷைகள் போதுமென்பதே சட்டமென்று வாதித்து மத்திய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஜனங்களைக் கலந்து ஆலோசிக்க விரும்புவோர் செய்யும் காரியமா இது?

ஆனால் மொழிபெயர்ப்பு பாதி வழிதான். ஆங்கிலத்தில் ஆங்கிலேயருக்கே விளங்காத வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் தமிழருக்கு விளங்காத வாக்கியமே கிடைக்கும். ஆங்கிலேயரும் இந்நோயால் வருந்தியவர்களே. யுத்தம் முடிந்த சமயத்தில் பிரிட்டிஷ் பொக்கிஷ இலாகா, ஸர் ஏர்னஸ்ட் கவர்ஸ் என்ற அனுபவமிக்க உத்தியோகஸ்தரைக் கேட்டுக்கொண்டு, அரசாங்க ஊழியர் எளிய நடையில் எழுதுவதெப்படி என்று ஒரு சிறு நூல் எழுதுவித்தது. 1948-ல் வெளியான அந்நூல் இன்றும் படிக்கப்படுகிறது. நாம் அவர்களிடமிருந்து கடினமான நடையைக் கற்றுக்கொண்டோம். அவர்கள் அதைக் கைவிடச் செய்த முயற்சியைக் கற்றுக்கொள்ளவில்லை.

எளிமைக்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபங்களைச் சிறிது ஆராய்வோம். சட்ட சம்பந்தமான எழுத்தில் திட்டம் வேண்டும், எளிமையாக எழுதினால் திட்டம் கெடும் என்பது முதலாவது. திட்டம் வேண்டுமென்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் “உரிய காலத்திற்குள்” என்பது திட்டமா, “ஜூன் 10-ந் தேதிக்குள்” என்பது திட்டமா? இதற்கு மத்திய சர்க்காரே சாட்சி. 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதுச் சட்டம் இயற்றினார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும்படி அது விதிக்கப்பட்டது. பழைய சட்டத்தில் சுமார் 5,12,000 சொற்கள் இருந்தனவென்றும், புதிய மசோதாவில் அவை சுமார் 2,60,000 ஆகக் குறைந்தனவென்றும் சர்க்காரே கணக்கு வெளியிட்டது. 819 பிரிவுகள் 536 ஆயின. பல்லாண்டுகளாக வரி செலுத்துவோரைக் குழப்பிய “முந்தைய ஆண்டு”, “மதிப்பீட்டு ஆண்டு” என்ற இரண்டும் நீங்கி, “வரி ஆண்டு” என்ற ஒன்றே நின்றது. வரி விகிதத்தை மாற்றாமலே வார்த்தையில் பாதியைக் குறைக்க முடிந்ததென்றால், அந்தப் பாதி இத்தனை காலம் யாருக்காக இருந்தது? வரி செலுத்துவோருக்குச் செய்ததைப் பட்டா கேட்டு மனுச் செய்வோருக்கும் செய்யலாகாதா?

இரண்டாவது ஆட்சேபம் சொற்களைப் பற்றியது. பாரசீக, அரபு, ஆங்கிலச் சொற்களை விலக்கித் தனித்தமிழ்ச் சொற்களை வழங்குவதே எளிமையென்று சிலர் கருதுகிறார்கள். அவர்களுடைய மொழிப்பற்றை நாம் மதிக்கிறோம். ஆனால் எளிய சொல் என்பது ஜனங்கள் வழங்கும் சொல்லேயாகும். பட்டா, சிட்டா, ரசீது, ஜாமீன், வக்கீல் என்ற சொற்கள் எந்த நாட்டிலிருந்து வந்தவையானாலும், இன்று காவிரிக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் குடியுரிமை பெற்றவை. கலெக்டரென்றால் குழந்தைக்கும் தெரியும். புதிய சொல்லை வழங்க விரும்பினால், பழைய சொல்லையும் பக்கத்தில் போட்டுச் சில வருஷங்கள் பழக்க வேண்டும். அதுபோலவே, பழைய சொல்லென்பதனாலேயே எல்லாம் எளிதாகிவிடாது. அக்பர் காலத்தில் தோன்றிய பசலிக் கணக்கு நமது ரெவினியூ இலாகாவில் இன்னும் ஜீவித்திருக்கிறது. “பசலி 1434” என்றால் 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரையுள்ள வருஷமென்று எத்தனை குடிகளுக்குத் தெரியும்? அடைப்புக்குறியில் இங்கிலீஷ் வருஷத்தையும் போடுவதற்கு எந்தச் சட்டம் தடை?

மூன்றாவது ஆட்சேபத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; ஆனால் அதுவே எல்லாவற்றிலும் வலியது. எளிமையாக எழுதினால் சர்க்காரின் கௌரவம் குறையுமென்ற எண்ணமும், எழுதியவர் சிக்கிக்கொள்ள நேரிடுமென்ற அச்சமும் அதில் கலந்திருக்கின்றன. “அறிவிக்கப்படலாகிறது”, “கருதப்படுகிறது”, “நிராகரிக்கப்பட்டுள்ளது” என்ற வினைகளைக் கவனியுங்கள். அறிவித்தவர் எவர்? கருதியவர் எவர்? நிராகரித்தவர் எவர்? செய்தவரில்லாமலே காரியம் நடந்துவிடுகிறது. “உங்கள் மனுவை நான் தள்ளிவிட்டேன், காரணம் இது” என்று எழுத நேர்ந்தால், தள்ளுவதற்குமுன் ஒரு தரம் யோசிக்க வேண்டியிருக்கும். மங்கலான நடை அதிகாரிக்குக் கேடயமாகிறது.

அது பிறருக்குப் பிழைப்பாகவும் ஆகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது பழமொழி. சட்டசபை கொடுத்த வரத்துக்கும் குடிக்கும் நடுவே எத்தனை பூசாரிகள்! மனு எழுதிக் கொடுப்பவர், பாரம் பூர்த்தி செய்பவர், ஆபீஸில் ஆளைத் தெரிந்தவர், எல்லாம் தெரிந்த தரகர் ஆகிய ஒவ்வொருவருக்கும் தட்சிணை உண்டு. நியாயமாக எழுதிப் பிழைப்பவர்களை நாம் குறை கூறவில்லை. காகிதம் எவ்வளவுக்கெவ்வளவு இருளாயிருக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு விளக்குப் பிடிப்பவர் கூலி உயருகிறது என்கிறோம். லஞ்சத்தை ஒழிப்போமென்று பேசுவோர் முதலில் இவ்விருளை ஒழிக்கட்டும்.

பிற நாடுகள் இதைச் சட்டமாகவே செய்திருக்கின்றன. ஸ்வீடன் தேசத்தில் 2009-ஆம் வருஷத்து மொழிச் சட்டம், பொது ஸ்தாபனங்களின் பாஷை எளிமையும் தெளிவும் உடையதாயிருக்க வேண்டுமென்று விதிக்கிறது. அமெரிக்காவில் 2010-ல் எளிய எழுத்துச் சட்டம் நிறைவேறிற்று. எனினும் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையுண்டு. அதை மீறினால் பிரஜை கோர்ட்டுக்குப் போக முடியாதென்று அச்சட்டமே சொல்லுகிறது. நல்லெண்ணம் இருக்கிறது, பல் இல்லை. நாம் சட்டம் செய்யும்போது இப்பாடத்தை மறக்கலாகாது.

நமது அரசியல் சட்டத்திலும் ஒரு விசித்திரம் காண்கிறோம். குறைகளைத் தெரிவித்துக்கொள்ளும் எந்தப் பிரஜையும் யூனியனிலோ ராஜ்யத்திலோ வழங்கும் எந்தப் பாஷையிலும் மனுக் கொடுக்கலாமென்று 350-வது ஷரத்து உரிமை அளித்திருக்கிறது. பிரஜை எழுதுவது சர்க்காருக்குப் புரியுமா என்ற கவலை பிரஜைக்கு வேண்டியதில்லை. அது சர்க்காரின் பொறுப்பு. ஆனால் சர்க்கார் எழுதும் பதில் பிரஜைக்குப் புரிய வேண்டுமென்ற பொறுப்பு எவருக்கும் வைக்கப்படவில்லை. இக்குறையைச் சட்டசபை நிவர்த்திக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை என்னவென்று நாம் திட்டமாகவே சொல்வோம். முதலாவதாக, ஒருவருடைய சொத்தையோ, ஜீவனத்தையோ, உரிமையையோ பாதிக்கும் ஒவ்வொரு காகிதத்தின் தலையிலும், என்ன செய்யப் போகிறோம், ஏன், நீங்கள் என்ன செய்யலாம், எந்தத் தேதிக்குள், எங்கே, யாரிடம் என்ற ஆறு விஷயங்களும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கடித எண்களும் சட்டப் பிரிவுகளும் அதன் கீழே வரட்டும். இரண்டாவதாக, ஆயிரக்கணக்கில் அச்சாகும் பாரங்களையும் நோட்டீஸ்களையும் வழங்குவதற்கு முன், அந்த இலாகாவில் வேலை செய்யாத சாதாரண ஜனங்கள் பத்துப் பேரிடம் படிக்கக் கொடுத்து, என்ன விளங்கிற்று என்று கேட்க வேண்டும். அவர்களுக்கு விளங்காததைத் திருத்தி எழுத வேண்டும். மூன்றாவதாக, எழுத்தறியாத ஐந்தில் ஒருவரை மறக்கலாகாது; நிலத்தைப் பற்றிய அறிவிப்புகளைக் கிராமத்தில் உரக்கப் படித்து விளக்கியதாகப் பதிவு இருக்க வேண்டும். நான்காவதும் முக்கியமானதுமாவது, மேற்சொன்னபடி இல்லாத நோட்டீஸுக்குக் கெடு ஓடாதென்று சட்டத்திலேயே எழுத வேண்டும். கெடு ஓடாதென்றால் காரியம் நிற்கும். காரியம் நிற்குமென்றால் மறுநாளே எல்லா ஆபீஸ்களிலும் நல்ல தமிழ் பிறந்துவிடும். இதுவொன்றே மருந்து.

சர்க்கார் முன்வரும் வரையில் தேச ஊழியர்கள் சும்மாயிருக்க வேண்டியதில்லை. கையிலிருக்கும் ஆயுதங்களை உபயோகிக்கலாம். 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம், ஒரு தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைத் தெரிவிப்பதை அதிகாரிகளின் கடமையாக்கியிருக்கிறது. உள்ளூர் பாஷையையும், உள்ளூர் ஜனங்களுக்கு எட்டும் முறையையும் கருதித் தகவல்களைப் பரப்ப வேண்டுமென்கிறது. மனுவை எழுத இயலாதவருக்கு அதை எழுத்தாக்க அதிகாரியே உதவ வேண்டும். தகவல் கேட்ட மனுவை மறுத்தால், காரணத்தையும், அப்பீல் செய்ய எத்தனை நாள் உண்டு, யாரிடம் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். இவ்விதிகள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் கிராம சபை கூடுகிறது. அவ்வருஷத்தில் ஊருக்கு வந்த நோட்டீஸ்களைச் சேகரித்துச் சபையில் வைத்து, “இதன் அர்த்தத்தைச் சொல்லுங்கள்” என்று வந்திருக்கும் அதிகாரியையே மரியாதையுடன் கேட்கட்டும். பல சமயங்களில் அவரும் தடுமாறுவார். அத்தடுமாற்றத்தைச் சபையின் தீர்மானமாகப் பதிவு செய்து மேலிடத்துக்கு அனுப்பினால், நூறு பிரசங்கங்களைவிட அது பயன்படும்.

வோட்டுக் கேட்க வரும்போது நமது தலைவர்கள் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார்கள்! அப்பேச்சில் “நேர்வு” இல்லை, “பார்வை” இல்லை. ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசையில் நிற்கும் கிழவிக்கும் விளங்குகிறது. ஜனங்களுக்குப் புரியும்படி பேச அவர்களுக்குத் தெரியாமலில்லை. அதிகாரத்தைக் கேட்கும்போது வரும் தமிழ், அதிகாரத்தைச் செலுத்தும்போதும் வர வேண்டும். அது வரும்வரையில், பழுப்பு உறையைக் கையில் பிடித்து அயலார் வாசலில் நிற்கும் குடியானவருக்குச் சுயராஜ்யம் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லையென்றே நாம் சொல்வோம்.